பூவுக்குப் போர்த்திய பொன்னாடை

இஞ்சாருங்கோ,

திங்கட்கிழமை பின்னேரம் அலுமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. உங்கள் பொன்னாடைகள் அடுக்கியபடியே இருக்கின்றன. இரவு உறைபனி என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். சித்திரை வருடம் பிறந்தும் இந்த நோர்பரி ஊரில் குளிர் விட்டபாடில்லை. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அலுமாரிக்கு முன்னால் நின்றேன். முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஆனாலும் முன்வாசலில் உங்கள் ட்யூலிப் மொட்டு விட்டு நிற்கிறதே, என்ன செய்ய?

ஐப்பசியில் நீங்கள் அந்தக் கிழங்குகளைப் புதைத்தபோது என்ன நிறம் என்று கேட்டேன். வருடா வருடம் சிவப்புத்தான் வைப்பீர்கள், எனக்கு அலுத்துவிட்டது. "இந்த முறை வேற. பூக்கேக்க பாருமன்" என்று சிரித்தீர்கள். தை மாதம் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டிருக்கலாம், அங்கே பூவைப் பற்றி யார் நினைத்தது? நீங்கள் எனக்குச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனது இந்த ஒன்றுதான். மொட்டெல்லாம் இன்னும் பச்சை. பனியில் கருகினால் அதுவும் தெரியாமலே போய்விடும்.

மகளுக்கு போன் எடுத்துச் சொன்னேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் பிளவர்ஸ். போய்ப் படுங்கோ" என்றாள். அவளுக்கு என் களைப்புத்தான் கவலை.

ஊர்ச் சங்க விழா என்றால் மைக் பிடிக்க நீங்கள்தான். பேசி முடித்ததும் ஒரு பொன்னாடை. சரிகைக் கரை போட்ட அந்தத் துணியை உடுக்கவும் முடியாது, விரிக்கவும் முடியாது. இடத்தை அடைக்கிறதென்று நான் புறுபுறுக்க, முன்பொரு வசந்தத்தில் இப்படிப் பனி வந்தபோது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் ட்யூலிப்புக்குப் போர்த்தினீர்கள். "எனக்குப் போர்த்தி என்ன பிரயோசனம்? இதுகளாவது குளிர் தாங்கட்டும்." மேடையில் போர்த்துவது போலவே உடம்போடு ஒட்டப் போர்த்தினீர்கள். விடிந்து பார்த்தால் ஈரத்தோடு உறைந்து, அப்பளம் போல விறைத்து, மொட்டுகளோடு ஒட்டிக் கிடந்தன. இழுக்க இழுக்கத் தலைகள் முறிந்தன. அடுத்த வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தடி நட்டு, துணி பூவில் படாமல் கூடாரம் போலக் கட்டச் சொன்னார். பிறகு, இவ்வளவு வடிவான துணி, கல்யாணத்துக்குக் கட்டியதா என்றும் கேட்டார். நீங்கள் உள்ளே ஓடிவந்து, கதிரையில் விழுந்து சிரித்தீர்கள்.

கடைசியில் உங்கள் சவப்பெட்டிக்குள்ளும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். ஒட்டப் போர்த்துகிறார்களே என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. என்ன மனமோ.

தடி நட்டு, நான்கு பொன்னாடையை மேலே கட்டி, காற்றுக்குப் பறக்காமல் உடுப்புக் கிளிப் போட்டேன். குனிந்தால் நிமிர முடியவில்லை. விடிய அவிழ்த்து, பின்னேரம் திரும்பக் கட்டி, மூன்று நாளாக இதே வேலை. ஏன் எனக்கு இந்தக் கரைச்சல் என்று தினமும் அலுத்துக்கொண்டேன்.

இன்று காலை வேலைக்குப் போகமுன் அவிழ்த்தபோது, ஒரு மொட்டின் நுனியில் நிறம் பிரிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சிவப்பு. வருடா வருடம் வைக்கிற அதே சிவப்பு.

"என்னை ஏமாத்திப்போட்டியளே" என்று வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன். நீங்கள் போன பிறகு உங்களை ஏசியது இதுதான் முதல் தடவை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இனி உங்களிடம் கேட்டறிய ஒன்றும் மிச்சமில்லை.

இன்றிரவும் உறைபனியாம். எனக்கோ கையைத் தூக்கவும் ஏலாமல் இருக்கிறது. சிவப்புத்தானே, கிடக்கட்டும் என்று விடவும் மனம் வரவில்லை. போய்ப் போர்த்திவிட்டு வருகிறேன்.