காகிதப் பெட்டி மடித்த விரல்கள்

14-5-86, புதன்

மாலை லீவு வகுப்பு முடிந்து காகிதத் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். செல்வியின் அம்மா வந்தாள்.

"நாளைலேர்ந்து செல்வி வரமாட்டா டீச்சர். தீப்பெட்டி ஆபீசுல வேல. வேன்ல இட்டுக்கினு போறாங்க. அங்கியே சோறு, அங்கியே தங்கிக்கலாம்."

செல்விக்குப் பத்து வயது. அனுப்பாதே என்றேன்.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்களாம், இவ வெரலு ரொம்ப வேகம்னு. விழுப்புரத்து சார் சொன்னாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அந்த விழுப்புரத்து ஆள் பிஸ்கட் பொட்டலங்களோடு வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் காகிதப் பெட்டி மடிப்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "இதுல யாரு கை வேகம் டீச்சர்?" என்று கேட்டார். பரிசு கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பெருமையாகச் சொன்னேன். எந்தத் தெரு என்றுகூடச் சொன்னேன். அவ்வளவு புத்தி எனக்கு.

மூன்று பெயர்கள் சொன்னேன். செல்வி இரண்டாவது.

முதலில் சொன்னது மல்லிகாவை. நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேராக, யாரையும் கேட்காமல், காய்ச்சல் என்று எழுதி வைத்திருக்கிறேன்.