காலை பத்து மணிக் கேக் விளம்பரம்

2014 டிசம்பர், வியாழன்

இன்று இவரை என்ன சொல்லித் திட்டுவதென்றே தெரியவில்லை. நான் முந்திரி வாங்கப் பண்ருட்டிக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில், எங்கள் பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக்குக்குத் தள்ளுபடி என்று தன் குரலிலேயே பதிவு செய்து, ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, காலை பத்து மணிக்கு டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றவிட்டிருக்கிறார். சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்கும் நேரம் அது. குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குத் தெரியும், அம்மா அப்போது மிக்ஸிகூடப் போடமாட்டாள். பண்ருட்டிக் கடைத்தெருவில் வளர்ந்தவருக்கு அது எங்கே தெரியும்!

நான் திரும்பியபோது கடையில் கூட்டம். யாரும் கேக் வாங்க வரவில்லை. வாடிக்கையாக வரும் ஸ்டெல்லா அக்காதான் முன்னால் நின்றார்.

"தூங்கிகினு இருந்த மனுஷன் எழுந்து உக்காந்துகினாரு. ராத்திரி மைன்ஸுக்கு யாரு போவறது, நீங்களா?"

இவர் மெதுவாகக் கேட்டார்: "ஆஃபர் காதுல வுழுந்துச்சாக்கா?"

"தெருவுக்கே வுழுந்துச்சு. என்னா ஆஃபருன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல."

விளம்பரம் என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

சாயங்காலம் கேக் துண்டுகளைக் கட்டிக்கொண்டு இவர் வீடு வீடாக மன்னிப்புக் கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன். ஸ்டெல்லா அக்கா வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இவர் மணியை அடிக்கவில்லை. பொட்டலத்தை கேட்டில் மாட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் திரும்பி வந்தார்.

இப்போது பக்கத்தில் படுத்து, அந்த ஸ்பீக்கரே தோற்கும்படி குறட்டை விடுகிறார். எழுப்ப மனசு வரவில்லை.