ஒன்றரை மணி நேரம் முந்திய கேமரா

உசிலம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தவசி அண்ணனுக்கு,

தங்கை தமிழ்ச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அன்னக்கொடி மதினியும் நாக்பூரில் சுகமாக இருக்கிறீர்களா? முறுக்குக் கம்பெனி எப்படிப் போகிறது? போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். இதையும் பிரிக்காமல் போட்டுவிடாதீர்கள்.

இங்கே மழை ஏமாற்றிவிட்டது. பாண்டிமீனாவுக்குக் காது ஆறிவிட்டது. பெரிய மாமா போட்ட தோட்டைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள், உங்கள் மருமகள் அல்லவா.

அவள் காதுகுத்து ஆல்பம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் நீங்கள் பேசுவதில்லை. மூத்த தாய்மாமன் சீர் இருக்க வேண்டிய இடத்தில் தம்பி சோலையின் சீர் இருந்தது. அது எங்கள் ஸ்டூடியோவில் நான் செய்த கூத்து. அன்று பெரிய கேமரா உங்கள் மாப்பிள்ளையிடம் இருந்தது, பழையது என்னிடம். எடுத்த தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமராவே பதிந்து வைக்கும். அந்த நேரத்தையே பெயராக வைத்து, எல்லாப் படங்களுக்கும் கம்ப்யூட்டரில் ஒரே அமுக்கில் பெயர் மாற்றிவிடலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கச் சோம்பல்பட்டு அப்படிச் செய்தேன். என் கேமராவின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடியதைக் கவனிக்கவில்லை. நான் எடுத்த உங்கள் சீர் பின்னால் போய்விட்டது.

சோலை என்னிடம், 'ஒரு படம் முன்னப்பின்ன போனதுக்கா அண்ணனுக்கு இம்புட்டுக் கோவம்?' என்று கேட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் ஆல்பத்தைத் திருத்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் மடியில் வைத்து ஆசாரி காது குத்திய நொடி இரண்டு கேமராவிலும் இருந்தது. அந்த இரண்டையும் ஒப்பிட்டு நேர வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, என் படங்கள் எல்லாவற்றின் நேரத்திலும் ஒன்றரை மணியைக் குறைத்து, மறுபடி பெயர் மாற்றினேன். வரிசை சரியாகிவிட்டது. அதன்பிறகுதான் அண்ணே, ஒவ்வொரு படமாகப் பார்த்தேன்.

காது குத்தி முடிந்ததும் சோலை கொட்டுமேளம், வெடி, ஆட்டுக்கிடாயோடு மண்டபத்துக்குள் வருகிறான். கூட்டமெல்லாம் அவன் பக்கம் போகிறது. நீங்கள் மேடை ஓரத்தில் நிற்கிறீர்கள். அடுத்த படத்தில் தூண் பக்கம். அதற்கடுத்து பந்தி வாசலில், தோளில் துண்டோடு, உள்ளே பார்த்துக்கொண்டு. ஸ்டூடியோப் பையன் பெரிய கேமராவை வாங்கி எடுத்த படத்தில், நானும் உங்கள் மாப்பிள்ளையும் சோலையின் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போகிறோம். அவனுக்கு இலை போடும் படத்தில், வெகு பின்னால், பையை எடுத்துக்கொண்டு வெளிவாசலைத் தாண்டுவது நீங்கள்தான்.

பழைய வரிசையில் உங்கள் படங்கள் பந்திக்குப் பின்னால் கிடந்தன. அண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக நிற்கிறார் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னோம். நீங்கள் நிற்கும் அந்தப் படங்களை எடுத்தவளே நான். கேமரா வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே பார்க்காமல் போயிருக்கிறேன். உங்கள் சீர் தட்டு சின்னது, அவன் சீர் பெரிது. அந்த ஆரவாரம் என் கண்ணை மறைத்துவிட்டது. வேறு சமாதானம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இதில் மறுநாள் போன் போட்டு உங்களையே ஏசினேன். 'சொல்லாமக்கூடக் கெளம்பிட்டீகளேண்ணே' என்றேன். 'பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு ஆத்தா, அம்புட்டுத்தான்' என்றீர்கள். பசியோடு போனதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆல்பத்திலும் பின்னால் தள்ளப்பட்டதைப் பார்த்தபோது உங்களால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை போலும்.

உங்கள் மாப்பிள்ளையிடம் படங்களைக் காட்டினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் நாக்பூருக்கே வந்து கூப்பிடுகிறேன் என்கிறார். நான்தான், முதலில் நான் எழுதுகிறேன் என்றேன்.

திருத்திய ஆல்பத்தை அனுப்பப் போவதில்லை. அதை வைத்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விசேஷம் எதுவும் வைத்தும் அழைக்கவில்லை. மதினியோடு ஏதாவது ஒரு நாள் வாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே அழைத்து வருகிறேன். நீங்கள் கை கழுவி எழுந்த பிறகுதான் இந்த வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு.

சாப்பிட வாங்கண்ணே.

உங்கள் தங்கை,
தமிழ்ச்செல்வி