ஓடைக்கு இரண்டு பக்கமும் நிலம்

நண்பா,

இன்று சாயங்காலம் மழை விட்டதும் பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாக நடந்து வந்தேன். ஒரு பள்ளிக்கூட ஜன்னலில் யாரோ ஒரு மாணவன் டஸ்டரைத் தட்டினான். சாக்பீஸ் தூள் என் மூக்கிலும் கண்ணாடியிலும் படிந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் உன் நினைவு வந்து நின்றது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

சர்வே வேலைக்கு ஆள் தயார் செய்யும் வகுப்பு நம்முடையது. முதல் தவணையில் கால்குலஸ் ஆரம்பித்தபோது நீ பாதி நாள் மலேரியாவில் செந்தூல் வீட்டில் படுத்துக் கிடந்தாய். இரண்டாம் தவணைக்கு எலும்பும் தோலுமாக வந்து உட்கார்ந்தாய். அந்தத் தவணைப் பரீட்சையில் தேறாவிட்டால் வகுப்பிலிருந்து பேர் எடுத்துவிடுவார்கள். மறுபடி காட்டில் அளவைச் சங்கிலி இழுக்கப் போகவேண்டும். அந்தக் காடுதான் உனக்குக் காய்ச்சலைக் கொடுத்தது. இன்னொரு முறை போனால் திரும்பமாட்டாய் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார்.

அந்த நிலைமையில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டானா? நீ கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாய்.

"வெளங்கலே, சார்."

நம் வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். பாடம் இங்கிலீஷில்தான் நடக்கும். கோபம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவார்.

"எந்த இடம் விளங்கேல்லை?"

"ஆரம்பத்துலேருந்தே, சார்."

வகுப்பே சிரிக்கும். சிரித்த எங்களுக்கும் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். சூத்திரத்தை உருப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். நீ விடாமல் கேட்டதால்தான் அவர் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து, அதன் அடியில் மெல்லிய பட்டைகளாகக் கிழித்து, எல்லாப் பட்டையையும் கூட்டினால் மொத்த இடமும் வந்துவிடும் என்று காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கும் கண் திறந்தது.

தவணைப் பரீட்சையில் வந்த அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நேராக ஓர் எல்லைக்கோடு. ஓர் ஓடை முதலில் அதற்கு ஒரு பக்கம் வளைந்து, பிறகு கோட்டைக் கடந்து, அதே அளவுக்கு மறுபக்கம் வளைகிறது. கோட்டுக்கும் ஓடைக்கும் நடுவே மொத்தம் எவ்வளவு நிலம்? சூத்திரத்தைப் போட்டேன், பூஜ்யம் வந்தது. இவ்வளவு சுத்தமாக வந்துவிட்டதே என்று பூரித்துப்போய் அடியில் இரண்டு கோடு கிழித்தேன்.

பரீட்சை முடிந்து கோப்பிக் கடையில் விடை ஒத்துப் பார்த்தோம். எல்லோருக்கும் பூஜ்யம். ஒரே கும்மாளம். நீ மட்டும் கோப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய்.

"உனக்கு என்னடா வந்துச்சு?"

"பூஜ்யந்தான். ஆனா இது தப்பு, எங்கே தப்புன்னு எனக்குத் தெரியலேன்னு கீழே எழுதிட்டேன்."

"பைத்தியமாடா உனக்கு? காட்டுக்குப் போக அவ்வளவு ஆசையா?"

"ஓடைக்கு அந்தப் பக்கமும் நெலம் கெடக்கு, இந்தப் பக்கமும் கெடக்கு. ரெண்டையும் சேத்தா எப்படிடா ஒண்ணுமில்லாமப் போகும்?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அதைவிடப் பயம் அதிகம். உன்னை நீயே காட்டிக் கொடுத்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன்.

மறுவாரம் வாத்தியார் விடைத்தாள்களை மேசைமேல் போட்டார். எடுத்த எடுப்பிலேயே தமிழ். "நிலம் அளக்க வந்த நீங்கள் நிலத்தையே காணாமல் ஆக்கிப்போட்டியள்! கோட்டுக்குக் கீழே இருக்கிறது கழித்தலாய் வரும். அதை வேறயாக் கணக்குப் பண்ணிக் கூட்ட வேணும். ஒருத்தனுக்கு மட்டுந்தான் சந்தேகம் வந்திருக்கு."

நாங்கள் போட்ட பூஜ்யத்துக்கு அவரும் பூஜ்யமே போட்டிருந்தார். உனக்கு அந்தக் கேள்வியில் பாதி மதிப்பெண். அதை வைத்துத்தான் நீ தேறினாய். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாய். அன்று யாரும் சிரிக்கவில்லை. நீ காட்டுக்குப் போகவில்லை. வரைபட அறையில் உட்கார்ந்தாய், கல்யாணம் செய்தாய், பிள்ளைகளைத் தோளில் தூக்கினாய்.

போன மாதம் கிள்ளானில் ஆற்றுக்குக் கரை போடும் வேலை. வெள்ளம் வந்தால் தாங்குமா என்று துரை கேட்டார். தாங்கும் என்றுதான் என் கணக்கு சொன்னது. கூட நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கரையின் மறுபுறம் இருந்த கம்பத்துக் கிராமத்தில் வீடுகளுக்கு முன்னால் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"கணக்கு அப்படித்தான் வருகிறது, சார். ஆனால் எனக்கு நம்பிக்கையில்லை. எங்கே தப்பென்றும் தெரியவில்லை. மறுபடி அளக்கவேண்டும்" என்றேன்.

துரையின் முகம் கறுத்துப்போயிற்று. உன் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் வராது. ஆனாலும் சொல்லிவிட்டேனடா.