ரேடியோக்காரரோடு அய்யா போட்ட சண்டை

உச்சிமாகாளி துணை

நாகலாபுரம்
30-10-66

அன்புள்ள மகன் மந்திரமூர்த்திக்கு அம்மா வெயிலம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் சுகம். போன கடிதங்களிலும் சுகம் என்றுதான் எழுதினேன், எழுதவேண்டுமே என்று எழுதினேன். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். உன் சுகத்துக்கும் உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைகள் சுகத்துக்கும் அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். பம்பாயில் மழை ஓய்ந்ததா, மில்லில் பஞ்சுத் தூசு ஏறாமல் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, ராத்திரி இருமல் நின்றதா, இதற்கெல்லாம் பதில் போடு, சும்மா நலம் என்று ஒரு வரியில் முடிக்காதே.

நீ ஆடியில் அனுப்பின ரேடியோ நன்றாகப் பேசுகிறது. போஸ்டாபீசில் லைசென்ஸ் எடுத்தாயிற்று. பாட்டரிக் கட்டை தீர்ந்தால் வெயிலில் காயவைத்துப் போட்டால் இன்னும் நாலு நாள் ஓடும் என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்தப் பெட்டி வந்ததிலிருந்து வீட்டில் நாலைந்து பேர் கூடுதலாக இருக்கிற மாதிரி இருக்கிறது. சிலோனில் பாட்டுப் போடுகிற ஒரு பெண் இருக்கிறாள், யார் யாருக்காகப் பாட்டுக் கேட்டார்கள் என்று பெயர்களை வாசிப்பாள், கல்யாண வீட்டு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவள் பேச்சுக்காகவே நான் கேட்கிறேன், பாட்டு அப்புறம்தான். செய்தி வாசிக்கிறவர் ஒருவர், நல்ல கனத்த குரல், ஆனால் மந்திரி ஊர்வலம் போனதையும் ரயில் கவிழ்ந்து ஆள் செத்ததையும் ஒரே மாதிரி வாசிப்பார். அந்த வீட்டிலும் ஒரு பெண்சாதி இருப்பாளே, அவளிடமும் இப்படித்தான் பேசுவாரோ என்று நினைத்துக்கொள்வேன். மாதர் நிகழ்ச்சியில் வருகிற அம்மாள் முந்திரிப்பருப்பும் நெய்யும் இல்லாமல் எந்தப் பலகாரமும் சொல்லமாட்டேன் என்கிறாள், இங்கே கம்பும் சோளமும் கிடைக்கிறதே பெரிய பாடு.

இவர்களிலெல்லாம் எனக்குப் பிடிக்காதவர் சாயங்காலம் கிராம நிகழ்ச்சியில் பேசுகிறவர்தான். வேலாண்டி அண்ணாச்சி என்று ரேடியோவில் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். எந்த ஊரிலும் இல்லாத ஒரு கிராமத்துப் பேச்சுப் பேசுவார், வரிக்கு ஒரு தடவை 'அட, ஆமா மச்சான்' என்பார், தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே முதலில் சிரிப்பார். நான் சிலோனுக்குத் திருப்பிவிடுவேன். ஆனால் உன் அய்யா இடது கையால் பாயைத் தட்டுவார், மறுபடி திருப்பு என்று அர்த்தம். சரி, காட்டுக்கு உழப் போகமுடியாத மனுஷன், காட்டைப் பற்றிக் கேட்கவாவது செய்யட்டும் என்று அதையே வைப்பேன்.

மாசியில் வாதம் அடித்தபிறகு அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். கோவில்பட்டி டாக்டர், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், வந்தால் வரும் என்று சொன்னார். நானும் எத்தனையோ பேசிப் பார்த்தேன். என் பேர் என்ன சொல்லுங்க என்று சின்னப்பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நீ பங்குனியில் வந்து நாலு நாள் இருந்தபோது ஒரு தடவைகூட உன் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். காட்டை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போனவன் என்ற கோபம் இன்னும் தீரவில்லை என்று நீயும் அழுதுகொண்டு ரயிலேறினாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், உனக்குச் சொல்லத் தைரியமில்லை.

புரட்டாசி கடைசியில் முதல் மழை நல்ல மழையாகப் பெய்தது. அன்றைக்குச் சாயங்காலமே அந்த வேலாண்டி அண்ணாச்சி, மழை விட்ட மறுநாளே ஏரைப் பூட்டுங்க, ஈரத்தைக் காயவிடாதீங்க என்று அடித்துச் சொன்னார். நான் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னால், 'ஒட்டும்' என்று ஒரு சத்தம். ரேடியோவில்தான் யாரோ சொன்னார்கள் என்று புடைத்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும், 'ஒட்டும்லே!' என்று வந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அய்யா பாயில் ஒருக்களித்து எழுந்து ரேடியோவை முறைத்துக்கொண்டிருக்கிறார். சுளகைக் கீழே போட்டுவிட்டு, என்னத்த ஒட்டணும், சொல்லுங்க, நான் ஒட்டுதேன் என்று ஓடினேன். அவருக்கு வந்ததே கோபம். உள்ளங்காலைத் தட்டித் தட்டிக் காட்டி, 'மண்ணு... மண்ணு... ஒட்டும்' என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாளே கரிசலில் காலை வைத்தால் மண் அப்பிக்கொண்டு காலைத் தூக்கமுடியாது, மாடு படுத்துவிடும், விதை கட்டிக்குள்ளே மாட்டி அழுகும். எட்டு மாதம் கழித்து வாயைத் திறந்தவர் மகனே என்றோ வெயிலு என்றோ சொல்லாமல் ஒட்டும் என்று சொன்னார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நம் நிலத்தை இந்த வருஷம் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுகிற தங்கசாமி, ரேடியோவில் சொன்னதைக் கேட்டு விடியும் முன்னே பருத்திவிதையோடு வாசலில் வந்து நின்றான். உன் அய்யா மூன்று விரலைக் காட்டி, 'பொறு' என்றார். அவன் கையிலிருந்த விதைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மாமா பேசிட்டாவ, மாமா பேசிட்டாவ என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு போனான். மூன்று நாள் பொறுத்துத்தான் விதைத்தோம். இப்போது நம் காட்டில் முளைப்பு வரிசை தப்பாமல் நிற்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. தினமும் அந்த அண்ணாச்சி பேசுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவிய சொல்லுதது சரிதானே, நீங்கதான் அந்தக் காலத்து ஆளு என்பேன். உடனே, 'உனக்கு... என்ன தெரியும்' என்று வரும். மூன்று சொல், நாலு சொல் என்று திட்டுத் திட்டாகத்தான் பேச்சு வந்தது. இத்தனை வருஷத்தில் திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஒரு கார்டு வாங்கி, அண்ணாச்சி, நீங்கள் சொன்னது கரிசலுக்குத் தப்பு, ஆனாலும் உங்கள் பேச்சு என் வீட்டுக்காரருக்குப் பேச்சைக் கொடுத்தது, நீங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று நடந்ததையெல்லாம் பொடி எழுத்தில் எழுதி ரேடியோ நிலையத்துக்குப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அதை வாசித்துவிட்டார்! மச்சான் கிச்சான் ஒன்றும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் ஆற்றங்கரைக்காரன், நெல்வயலைப் பார்த்து வளர்ந்தவன், கரிசல் காட்டுக்காரர்களுக்கு நான் சொன்னது தப்பு, என்னை மன்னிக்கவேண்டும், காலில் மண் ஒட்டாத பதம் வருகிறவரை பொறுங்கள், இதை நாகலாபுரம் உக்கிரபாண்டி ஐயா சொல்லிக்கொடுத்தார் என்று உன் அய்யா பெயரோடு சொன்னார். அந்த மனுஷனைப்பற்றி நான் நினைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

உன் அய்யா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் ரேடியோவை அணைக்கச் சொன்னார். கஞ்சி கொடுத்தேன், வேண்டாம் என்றார். பிறகு, 'ஊரறிய... தப்புன்னு சொல்லிட்டானே' என்றார். 'ஏட்டி, மூர்த்திக்கு எழுது' என்றார். என்ன எழுத என்று கேட்டேன். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். இதைச் சொல்லிமுடிக்க அவருக்கு எவ்வளவோ நேரமானது, நீ மெதுவாக வாசி. 'நீ வந்தப்போ கோவம் இல்லலே. வாயி கோணிக் கிடந்துச்சு. எச்சி வடிஞ்சுது. பிள்ள அதப் பாக்கக்கூடாதுன்னுதான் செவரப் பாத்துப் படுத்தேன். நீ பாத்த வேலய நல்லாப் பாரு.' இவ்வளவுதான் சொன்னார். பக்கத்திலேயே இருந்த எனக்கும் இது தெரியவில்லை மகனே.

தீபாவளிக்கு லீவு கிடைக்காவிட்டால் சண்டை பிடிக்காதே, பொங்கலுக்கு வா. எண்ணெய் தேய்த்துக் குளி, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. உனக்கும் உன் கைத்தொழிலுக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்கமாட்டாள், நூறு வயசுக்கு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இனிமேல் கடிதத்தின் மேல் என் பெயரைப் போடவேண்டாம். அய்யா பெயருக்கே போடு. அவர் இடது கையாலேயே உடைக்கட்டும், நான் வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
உ. வெயிலம்மாள்