மூக்கில் வைத்த ஈயம்

பிப்ரவரி 3

செய்தித்தாளில் அத்தான். பக்கத்தில் என் கிளைடர், எஞ்சினே இல்லாமல் பறக்கும் என் விமானம். 'ஒற்றையாள் கிளைடரைத் தனியாக வடிவமைத்தவர்.' தனியாக! இறக்கையின் வளைவை இரண்டு வருடம் அழித்தழித்து வரைந்தவன் நான். அவர் பசை கலக்கினார்.

"பார்த்தியாடா, போட்டோ எவ்வளவு அழகா வந்திருக்கு?" என்றாள் அக்கா.

பார்த்தேன்.

பிப்ரவரி 9

பட்டறைப் பூட்டை மாற்றிவிட்டார். என் வரைபடங்கள் உள்ளே. என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"இது ஒத்த சீட்டு மாப்ள. நீ ஏறினா இறக்கைக்கே மூச்சு வாங்கும்."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 10

அவர் விழ வேண்டும். எல்லோரும் பார்க்க.

பிப்ரவரி 21

அக்கா மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள். "சீட்டு அவருக்கு லொடலொடன்னு இருக்காம். ரெண்டு பக்கமும் பஞ்சு வெக்கச் சொன்னாரு."

பஞ்சா?

அந்த இருக்கை என் இடுப்புக்கு வரைந்தது. சமநிலை என் எடைக்குப் போட்டது, தொண்ணூற்றாறு கிலோ. அவர் அறுபது இருந்தால் அதிகம். மீதி எடைக்குக் கிளைடரின் மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். இல்லையென்றால் வால் கனத்து, மூக்கு நிமிர்ந்து, சுழன்று விழும்.

நான் எதுவும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பிப்ரவரி 22

நாள் முழுக்க இனித்தது.

பிப்ரவரி 27

நாளை பறக்கிறார். அக்கா முன்னால் நின்று கையாட்டுவாளாம். புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள்.

சே. இவளை யார் வரச் சொன்னது?

பிப்ரவரி 28

ஈயத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அவர் பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வால் தரையில் கிடந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மாட்டேன்.

"இறங்குங்க அத்தான்."

நான் ஏறினேன். மூக்கு தணிந்து, வால் தானாக எழுந்தது. ஏன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். செய்தித்தாளிலிருந்து வந்த நிருபர் எழுதிக்கொண்டார். தச்சர் இந்த முறை சிரிக்கவில்லை.

"முன்னாடியே சொல்லக் கூடாதா மாப்ள?"

"பூட்டை மாத்திட்டீங்களே."

ஈயத்தை வைத்த பிறகு பறந்தார். பாழாய்ப்போனது, அவ்வளவு அழகாகப் பறந்தது.

மார்ச் 14

ஒவ்வொரு முறையும் முப்பத்தாறு கிலோ ஈயத்தையும் அவரேதான் சுமந்து வைக்கிறாராம்.

"முதுகு புடிச்சுக்கிச்சுடா, பாவம்" என்றாள் அக்கா.

அந்தப் பஞ்சு மெத்தையைப் போட்டுப் படுக்கச் சொன்னேன்.