எட்டாவது கட்டம்

ஏப்ரல் 3

என் அருமை வாலு,

நலம். நலமில்லாமல் இருந்தால் அதற்கும் வரி போடுவீர்களோ என்று பயந்து நலமாகவே இருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் மைக் பிடித்தவன். போனைக் கையில் எடுத்தாலே வாய் தானாக "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்கிறது. அதனால்தான் கடிதம்.

நான்கு வருஷமாக இழுத்தடித்த ஓய்வூதிய நிலுவை ஒரே நாளில் வந்து சேர்ந்தது. முடிதிருத்துகிறவர்கூட என்னை "சார்" என்றார். இரண்டே வாரம். பின்னாலேயே உங்கள் வரி அலுவலக நோட்டீஸ்! நான்கு வருஷப் பணமும் இந்த ஒரு வருஷத்து வருமானமாம். நான் பணக்காரனாம். உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "யாரைச் சொல்றாங்க?" என்றாள்.

அவளுக்குப் பக்கவாதம் வந்த வலது கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் ஒரு அம்மா வருகிறார். போன வாரம் கை தோள்வரை எழும்பியது. எழும்பியதும் முதல் வேலையாக என் காதைத் திருகினாள். நிலுவையை நம்பித்தான் இந்தப் பயிற்சியே.

முப்பது நாளுக்குள் படிவம் கொடுத்தால் வரியை நான்கு வருஷத்துக்கும் பிரித்துப் போடுவார்களாம். உங்கள் எல்லாப் படிவங்களையும் போல இதிலும் எட்டாவது கட்டம்: "இந்த அலுவலகத்தில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா?" படித்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நோட்டீஸின் அடியிலேயே உன் கையெழுத்து! சொந்தத் தங்கை இருக்கும்போது படிவம் எதற்கு? இந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, என்னைப் பணக்காரர் பட்டியலிலிருந்து விடுவிக்கும்படி காலில் விழுந்து கேட்கிறேன். முழங்கால் வலி, பாதி விழுந்ததாக வைத்துக்கொள்.

உன் ஒலிபெருக்கி அண்ணன்

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் மேலதிகாரி சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை, அவருக்கே புரையேறிவிட்டது. பாதி விழுந்த கதையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

நோட்டீஸில் இருப்பது அச்சுக் கையெழுத்து, அண்ணா. ஒரு நாளைக்கு நானூறு போகிறது. யாருக்குப் போகிறது என்று எனக்கே தெரியாது. கவலைப்படாதீர்கள், உங்கள் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணியிடம் சொல்லுங்கள், அடுத்த திருகு என் சார்பில்.

உங்கள் வாலு

மே 21

வாலு,

இந்த மாதம் ஓய்வூதியம் பாதிதான் வந்தது. வங்கியில் மீதியை மறந்துவிட்டார்களோ என்று கேட்டேன். "வரிக்குப் பிடிச்சிருக்காங்க சார், இன்னும் பதினாலு மாசம் பிடிப்பாங்க" என்றாள் அங்கிருந்த பெண். இப்போதும் "சார்"தான்.

சம்பளம் வாங்கியபோது கட்டினேன். ஓய்வூதியத்துக்கென்று பிடித்ததற்கும் சேர்த்துத்தான் கட்டினேன். அது திரும்பி வரும்போதும் கட்டுகிறேன். அவர்கள் தாமதமாகக் கொடுத்ததற்கும் நானே கட்ட வேண்டுமாம். முப்பத்தோரு வருஷம் ஊரார் தாமதத்துக்கெல்லாம் வருத்தம் தெரிவித்தவனுக்கு, ஒரு ஆளும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

நீ பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

பயிற்சிக்கு வரும் அம்மாவை நிறுத்திவிட்டேன். நானே கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறேன். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரிவதில்லை. வலிக்குதா என்றால் இல்லை என்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அண்ணன்

மே 27

அண்ணா,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். இன்னும் உட்காரவில்லை. நீங்கள் படிவம் கொடுத்திருப்பீர்கள், அது மேஜைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதினேன். பிறந்ததிலிருந்து நீங்கள் விளையாட்டாகப் பேசித்தானே கேட்டிருக்கிறேன்? அதற்குள் நிஜமாகவே ஒரு மனு இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மேலதிகாரியிடம் போனேன். வீட்டு முகவரிக்கு வந்த கடிதம் மனு ஆகாது, கெடுவும் முடிந்துவிட்டது என்றார். "உங்க அண்ணன் நல்லா எழுதுறாரு" என்றார். அவர் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. படித்துக் காட்டியவள் நான்தானே.

இந்தக் கடிதத்தோடு காசோலை வைத்திருக்கிறேன். அந்த அம்மாவை நாளைக்கே வரச் சொல்லுங்கள். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள், அண்ணா.

வாலு

ஜூன் 30

பெறுநர்: வரி அலுவலர் அவர்கள், ஓய்வூதியர் பிரிவு

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இவ்வாண்டுக்கான வருமானப் படிவத்தை உரிய தேதிக்குள், அலுவலக முகவரிக்கே, பதிவு அஞ்சலில் அனுப்பியுள்ளேன்.

மே 27 தேதியிட்ட தங்கள் காசோலையைத் திருப்பி இணைத்துள்ளேன். வரி செலுத்துவோர் அலுவலரிடம் பணம் பெறுவது முறையல்ல.

கட்டம் 6, மருத்துவச் செலவுக் கழிவு: கோரவில்லை. மனைவியின் கைப்பயிற்சி நிறுத்தப்பட்டுவிட்டது. கை இப்போது மடியிலேயே இருக்கிறது.

கட்டம் 8, இந்த அலுவலகத்தில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா: இல்லை.

இப்படிக்கு,
ஓய்வூதியர்